சிறுமலை வாழை: விதையில்லாத ஒரு வம்சத்தின் வரலாறு

திண்டுக்கல்லுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் பெயர் வாங்கித் தந்த விளைபொருள்களுள் புகையிலை, மல்லிகை, மலைவாழை ஆகிய மூன்றும் ஒரு பொதுத்தன்மை உடையவை. பூ என்பது தாவரத்தின் இனப்பெருக்க உறுப்பு. ஆனால் இம்மூன்று பயிர்களிலும் பூ தன் வேலையைச் செய்ய விடப்படுவதில்லை, அல்லது செய்யும் ஆற்றலையே இழந்திருக்கிறது. மகரந்தப் பையில் விளையும் தூள் காற்றினாலோ வண்டு, தேனீ, பறவை, வௌவால் போன்றவற்றாலோ சூலக முடியைச் சென்று சேர்வது மகரந்தச் சேர்க்கை எனப்படும். அதன் விளைவாகச் சூல் கருவுற்று விதையாகிறது, சூலகம் கனியாகிறது. இந்த ஒழுங்கை உழவர் எந்தெந்த இடத்தில் நிறுத்தினர், அதனால் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்பதை இவ்வட்டாரத்தின் வேளாண் வரலாறு, குறிப்பாகச் சிறுமலை வாழையின் கதை, தெளிவாகக் காட்டுகிறது.

புகையிலையில் விலை பெறுவது இலை. பூங்கொத்து தோன்றியதும் செடியின் சத்து விதையை நோக்கித் திரும்பிவிடும் என்பதால், உழவர் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, பின்னர் கணுக்களில் வெடிக்கும் பக்கச் சிம்புகளையும் ஒடித்துவிடுகின்றனர். திண்டுக்கல் சுருட்டுக்கு இருந்த பெயரின் பின்னால், பூக்காமல் நிறுத்தப்பட்ட செடிகளின் தடித்த இலைகளே இருந்தன. இங்குள்ள வேடசந்தூரில் 1948இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அமைந்தது. மல்லிகையின் நிலை இன்னும் நுட்பமானது. இரவில் மலர்ந்து மணம் வீசி விட்டில்களை அழைப்பதற்கென உருவான அப்பூ, நிலக்கோட்டை வட்டாரத்தில் மொட்டாக இருக்கும்போதே விடிகாலையில் பறிக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்விடுகிறது. விதைக்கு வழியில்லாத அச்செடி தண்டுத்துண்டுகளாலும் பதியன்களாலும் மட்டுமே பெருகுகிறது. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் வேர்பிடிக்க வைத்த நாற்றுகள் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் செல்கின்றன.

வாழையில் மனிதர் எதையும் கிள்ள வேண்டியதில்லை. தடை அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தென்கிழக்காசியக் காடுகளிலும் இந்தியக் காடுகளிலும் வளரும் காட்டுவாழைகளின் பழத்தில் கறுத்த, கெட்டியான விதைகள் நிறைந்திருக்கும். வௌவால்களும் தேன்சிட்டுகளும் அவற்றின் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கின்றன. மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த வழியில் வந்ததே மலைவாழை. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு ஆகிய இருவரும் வகுத்த முறைப்படி அதன் உயிரணுவில் முதல் இனத்தின் குரோமோசோம் தொகுதிகள் இரண்டும், மற்றதன் தொகுதி ஒன்றுமாக மூன்று தொகுதிகள் உள்ளன. இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று தொகுதிகள் ஒழுங்காக இணைசேர இயலாமையால் வளமான மகரந்தமும் சூலும் அரிதாகிவிடுகின்றன. ஆயினும் சூலகம் கருவுறாமலேயே சதைபற்றிப் பழமாகிறது. கருவுறாக் கனியாதல் என்று தாவரவியலார் குறிப்பிடும் இப்பண்பினால்தான் வாழைப்பழம் விதையின்றி உண்ணத்தக்கதாயிற்று. தார் ஈன்ற மரம் மடிந்தாலும் நிலத்துக்குள் இருக்கும் கிழங்கு பக்கக்கன்றுகளை விடுகிறது. அவற்றுள் குறுகிய இலைகளோடு கூர்மையாக எழும் ஈட்டிக்கன்றையே உழவர் நடவுக்குத் தேர்ந்தெடுப்பர். ஆகவே வாழையடி வாழையாக ஒரு மலை முழுதும் பரவிய தோட்டத்தை, ஒரே உடலின் பல துண்டுகள் என்று கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

இந்த உடல் திண்டுக்கல்லைச் சுற்றிய மலைகளில் மிக நன்றாகப் பொருந்தியது. கிழக்கே நத்தம் சாலையிலிருந்து பிரியும் பாதை 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சிறுமலையிலும், மேற்கே பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளிலும், மழையை நம்பிக் காப்பியோடும் மிளகோடும் ஆரஞ்சோடும் கலந்து வளர்க்கப்பட்ட இவ்வாழை, ஒருமுறை நட்டால் பல்லாண்டு பலன் தரும் தோட்டப்பயிராக இருந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாச்சியின் பெயரையே ஒரு வகை தாங்கி நிற்கிறது. சாலை போகாத தோட்டங்களிலிருந்து தார்கள் குதிரை முதுகில் பொதியாக இறங்கின; திண்டுக்கல் நகரில் மலைப்பொருள் ஏலம் போகும் சந்தைக்குச் ‘சிறுமலை செட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நீர்ச்சத்துக் குறைந்த இப்பழத்தின் சதை எளிதில் கெடுவதில்லை என்பதால் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுவே உகந்ததாயிற்று. அந்தப் பிரசாதத்தில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது: அதில் சேரும் தேன் தேனீயின் உழைப்பு, ஏலக்காய் தேனீ வந்து சென்ற பூவின் விளைவு, வாழைப்பழமோ எந்தப் பூச்சியின் துணையும் இல்லாமல் பழுத்தது.

ஒரே உடலைப் பெருக்குவதால் சுவையும் மணமும் மாறாமல் தலைமுறைகளைக் கடக்கின்றன. அதே வழியில் நோயும் கடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிஜித் தீவுகளில் அறியப்பட்ட முடிக்கொத்து நோய், 1913ஐ ஒட்டி இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. இலங்கையிலிருந்து 1940ஐ ஒட்டிக் கேரளத்தை அடைந்து, பின்னர் தமிழக மலைகளுக்கும் பரவியது. நோயுற்ற மரத்தின் இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும்; புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும்; மரம் தார் தள்ளாது. ஆஸ்திரேலியாவில் 1920களில் ஆராய்ந்த மேகீ என்பவர், வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி சாற்றை உறிஞ்சும்போது இந்த வைரஸ் நோயைக் கடத்துவதை நிறுவினார். அந்த அசுவினியும் வெப்ப நாடுகளில் ஆணின் துணையின்றிப் பெண்ணிலிருந்து பெண்ணாகவே பெருகுகிறது. கருவுறாமல் கனியும் மரத்தை, கருவுறாமல் ஈனும் பூச்சி வீழ்த்தியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பொருத்தம்.

எனினும் பழி முழுவதையும் பூச்சியின்மேல் சுமத்துவது சரியாகாது. அசுவினி தானாகக் கடக்கும் தொலைவு பெரிதன்று. மலைவிட்டு மலைக்கும் நாடுவிட்டு நாட்டுக்கும் வைரசைக் கொண்டுசென்றவை, நோயின் அடையாளம் இன்னும் வெளியே தெரியாத கன்றுகளே. விதைவழிப் பெருகும் பயிரில் ஒவ்வொரு விதையும் தாயின் பண்பும் தந்தையின் பண்பும் புதிதாகக் கலந்த தனி உயிர் என்பதால், கொள்ளைநோய் வந்தாலும் எங்கோ சில செடிகள் தாங்கி நிற்க வாய்ப்புண்டு. சிறுமலை வாழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றுக்கு எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் எதற்கும் இல்லை. 1970களில் சுமார் 18,000 எக்டேரில் இருந்த தமிழகத்தின் மலைவாழைப் பரப்பு பின்னர் ஏறத்தாழ 2,000 எக்டேராகச் சுருங்கியது. பல சரிவுகளில் வாழை இருந்த இடத்தைக் காப்பியும் மிளகும் பிற பயிர்களும் எடுத்துக்கொண்டன.

மலைவாழையின் மீட்புக்கு உதவிய அறிவியலின் வேர்கள் இவ்வட்டாரத்தின் மற்றொரு பயிரான புகையிலையைத் தொட்டு நிற்கின்றன. 1760இல் ஜெர்மானியரான கோல்ராய்ட்டர் இரண்டு புகையிலை இனங்களைக் கலந்து ஒரு கலப்பினத்தை உருவாக்கி, அது தன் மகரந்தத்தால் விதை பிடிக்காததைக் கண்டார். இனம்விட்டு இனம் கலந்த வாழை ஏன் மலடானது என்பதை விளங்கிக்கொள்ளும் பாதை அங்கே தொடங்கியது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1957இல் ஸ்கூக், மில்லர் ஆகியோர் புகையிலைத் திசுவைக் கொண்டு, வளர்ச்சி ஊக்கிகளின் விகிதத்தை மாற்றினால் ஒரே திசுவில் வேரையோ தளிரையோ வருவிக்கலாம் என்று காட்டினர். 1962இல் முராஷிகே, ஸ்கூக் வகுத்த ஊட்டக்கலவை இன்றும் ஆய்வகங்களில் வழங்குகிறது. இதற்கிடையில் 1952இல் பிரான்சில் மொரெலும் மார்ட்டினும், தளிர் நுனியில் இடையறாது பிரியும் ஆக்குத்திசுவை வெட்டி வளர்த்து, வைரஸ் பற்றிய டாலியாவிலிருந்து வைரஸ் அற்ற செடியைப் பெற்றிருந்தனர். இவை ஒன்றுகூடி உருவாக்கியதே நாற்றுப் பெருக்கத்துக்கான இன்றைய திசு வளர்ப்பு முறை. 1993இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வைரஸ் சோதனைக்கு உட்பட்ட மலைவாழை நாற்றுகளை இம்முறையில் பெருக்கும் பணியில் ஈடுபட்டன. விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றன. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தமும் அதைப் பெற்றது.

கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த நாற்று வைரஸ் அற்றது, ஆனால் வைரசைத் தாங்கும் புதிய வலிமை எதையும் பெற்றதன்று. அது அதே பழைய உடலின் தூய்மையான துண்டு. ஆகவே நோயுற்ற மரத்தைக் கண்டவுடன் முதலில் அதிலுள்ள அசுவினியை மருந்தடித்து அழித்து, அதன் பிறகே கிழங்கோடு தோண்டி அகற்ற வேண்டியிருக்கிறது. வரிசை மாறினால், சாய்ந்த மரத்தை விட்டுப் பூச்சி அடுத்த மரத்துக்கு ஏறிவிடும். நட்ட நாற்று ஓராண்டுக்குள் தன் பக்கக்கன்றுகளை விடத் தொடங்குகிறது; அவற்றைப் பெயர்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கும் பழைய வழக்கமும் மலையில் தொடர்கிறது.