கத்தியை விலக்கிய மாவுக்கட்டு

பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைக்கு, பிறந்தவுடனேயே கையால் மெல்லத் திருத்திக் கட்டுப்போட வேண்டும் என்று ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் நூல்களே சொல்கின்றன. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கத்தியே கோலோச்சியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டோருக்குச் சிகிச்சையளித்து, பின்னர் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்துசேர்ந்த இக்னாசியோ பொன்செட்டி 1940களின் இறுதியில் வேறு வழி கண்டார்: வாரம் ஒன்றாக ஐந்தாறு மாவுக்கட்டுகள், பெரும்பாலும் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, பிறகு காலணி பொருத்திய கம்பிப்பட்டை. 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையை எலும்பு மருத்துவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நிலைமையைப் புரட்டியதில் மருத்துவ இதழ்களைவிடப் பெற்றோருக்கே பெரும்பங்கு என்பேன்.

1995இல் வந்த ஆய்வை எதிர்வாதமாகக் காட்டலாம். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களைச் சராசரியாக 34 வயதில் பரிசோதித்ததில் 78 விழுக்காட்டினரின் பாதங்கள் நன்றாக இருந்தன. குறையின்றிப் பிறந்தவர்களிடமே அது 85தான். வலுவான சான்று. ஆனாலும் அறுவைக்கூடங்கள் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1990களின் கடைசியில் இணையத்தில் சேதி பரிமாறிக்கொண்ட பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அயோவாவுக்குப் போகத் தொடங்கிய பிறகே முறை வேகமாகப் பரவியது. மருத்துவம் அறியாதவர்களின் ஆரவாரத்தை நம்பலாமா என்றால், பொதுவாகக் கூடாதுதான். இங்கே அவர்கள் கேட்டதோ ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. தவிர, இந்தச் சிகிச்சையில் பெற்றோர் வெறும் பார்வையாளர்கள் அல்லர். மாவுக்கட்டு சில வாரங்களில் முடிந்துவிடும். கம்பிப்பட்டையை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதும் மாட்டுவது அவர்கள்தான். அதைக் கைவிடுவதே பாதம் மீண்டும் வளைவதற்கு முக்கியக் காரணம்.