25 கோடி ரூபாய் ஒமேகா வாட்ச்... முழு ஒரிஜினலும் இல்ல, முழு போலியும் இல்ல! பழைய வாட்ச் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

2021 நவம்பர் மாதம் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957-ம் ஆண்டு தயாரிப்பு எனச் சொல்லப்பட்ட ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. கறுப்பாக இருந்த அதன் டயல், வெயில் பட்டு காலப்போக்கில் பழுப்பு நிறமாக மாறியிருந்தது. சேகரிப்பாளர்கள் இந்த நிற மாற்றத்துக்கே தனி விலை கொடுப்பார்கள். 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 25 கோடி ரூபாய்!

வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா நிறுவனமேதான். தன்னுடைய அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக வாங்கியது. 2023-ல் அதே நிறுவனம் அதிர்ச்சித் தகவலை வெளியிட்டது. பல பழைய வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்ட வாட்ச் அது என்றும், இந்த விவகாரத்தில் தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்குத் தொடர்பு இருக்கிறது என்றும் தெரிவித்தது.

தயாரித்த நிறுவனத்துக்கே இந்த நிலைமை என்றால், ஆன்லைனில் போட்டோவைப் பார்த்து பழைய வாட்ச் வாங்குகிற நாம என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?' என்ற ஒரே கேள்வி போதுமா?

போதாது. பழைய வாட்ச் சந்தையில் பல வகைகள் இருக்கின்றன.

விண்டேஜ்: பொதுவாக 25, 30 ஆண்டுகளுக்கு மேல் பழைய வாட்ச். டயல், முள், கேஸ், உள்ளே இருக்கும் இயந்திரம் எல்லாம் அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால் மதிப்பு அதிகம்.

ரீடயல்: வாட்ச் பழசு. ஆனால் மங்கிப்போன டயலை எடுத்துவிட்டு புதிதாகப் பெயின்ட் அடித்து, பெயரையும் எண்களையும் மறுபடி அச்சிட்டிருப்பார்கள்.

ஃபிராங்கன் வாட்ச்: ஒரு வாட்சின் கேஸ், இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவது ஒன்றின் டயல் எனச் சேர்த்தது. மேலே சொன்ன ஒமேகா இந்த வகைதான்.

ரெப்ளிகா: நம்ம ஊர்ல 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்வது. பிராண்ட் பெயரையும் முத்திரையையும் அப்படியே போட்டு வேறு யாரோ தயாரிப்பது. பெயர் அழகாக இருந்தாலும் சட்டப்படி இது போலிப் பொருள்தான்.

ஹோமேஜ்: பிரபல வாட்சின் தோற்றத்தைப் பின்பற்றி, சொந்தப் பெயரில் வேறொரு நிறுவனம் விற்பது. பெயரைத் திருடாததால் இது ரெப்ளிகா கணக்கில் வராது.

ரீ-இஷ்யூ: தன் பழைய மாடலை நிறுவனமே மீண்டும் தயாரிப்பது. 1957 ஸ்பீட்மாஸ்டரையே 2017-ல் ஒமேகா 3,557 எண்ணிக்கையில் மறுபடி வெளியிட்டது.

டயலுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க்கில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவர் அணிந்திருந்த அந்த வித்தியாசமான டயல் வகைக்கே இன்று 'பால் நியூமன் டயல்' என்றுதான் பெயர். அதே மாடலில் சாதாரண டயல் இருந்தால் விலை பல மடங்கு குறைந்துவிடும். அதனால்தான் மோசடியும் டயலில் இருந்து ஆரம்பிக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கு. கார் பந்தயத்தில் ஈடுபட்ட கணவருக்கு 'கவனமா ஓட்டுங்க' என்ற பொருளில் ஒரு வரியைப் பின்மூடியில் பொறித்துத்தான் அவருடைய மனைவி அந்த வாட்சைப் பரிசளித்தார். வாட்ச் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதற்கு அந்த எழுத்தும் ஒரு சாட்சி.

நம்ம ஊர் எச்.எம்.டி-யிலும் இந்தச் சிக்கல் உண்டா?

நிச்சயமாக. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூருவில் எச்.எம்.டி வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய 'ஜனதா', 'பைலட்' போன்ற மாடல்கள் பல வீடுகளில் இருந்தன. பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்கள் வந்தன. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் இருந்து குவார்ட்ஸ் வாட்ச்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் வாட்ச்கள் மெல்ல பீரோவுக்குள் போயின. 2016-ல் எச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

உற்பத்தி நின்ற பிறகுதான் தேடல் அதிகமானது. கூடவே ரீடயலும் பெருகியது. ஆன்லைனில் 'பழைய ஸ்டாக், புத்தம் புதுசு' என்று பளபளக்கும் டயலோடு வரும் பல வாட்ச்கள் இப்படி மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டவைதான். சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் கிண்டல் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. விலை குறைவு, பார்க்க அழகு, கையில் கட்டினால் மணியும் காட்டும். ரீடயல் என்று தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை. ஒரிஜினல் விலை கொடுத்து வாங்கினால்தான் நஷ்டம்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1. பின்மூடியைத் திறந்து உள்ளே படம் எடுத்துக் கேளுங்கள். இயந்திரத்தில் உள்ள பெயரும் எண்ணும், சொல்லப்படும் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். படம் தர மறுத்தால் விலகிவிடுவது நல்லது.

2. டயல் எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தடித்தோ, கோணலாகவோ, நிமிடக் கோடுகள் சீரில்லாமலோ இருந்தால் ரீடயலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. இருட்டில் ஒளிரும் பூச்சைக் கவனியுங்கள். 1960-களின் தொடக்கம் வரை ரேடியமும், அதன்பிறகு 1990-கள் வரை ட்ரிடியமும் பயன்பட்டன. டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் அது ட்ரிடியம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதன் வீரியம் சுமார் பாதியாகக் குறையும். 1970-ம் ஆண்டு வாட்ச் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதுசு என்று அர்த்தம். முள்ளில் ஒரு நிறம், டயலில் வேறு நிறம் என்றாலும் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம்.

4. நொடிமுள்ளை மட்டும் நம்பாதீர்கள். 'டிக் டிக் என்று நகர்ந்தால் போலி, வழுக்கி ஓடினால் ஒரிஜினல்' என்பது பழைய கதை. இன்றைய ரெப்ளிகாக்களிலும் மெக்கானிக்கல் இயந்திரம்தான் இருக்கிறது. அவற்றிலும் நொடிமுள் வழுக்கித்தான் ஓடும்.

5. கேஸின் ஓரங்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப பாலிஷ் போட்டால் கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும். பொறித்த எண்களும் தேய்ந்துபோகும்.

எச்சரிக்கை: ரேடியம் பூசிய டயலை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். ஒளிர்வது நின்றாலும் கதிரியக்கம் நிற்காது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். 1920-களில் அமெரிக்காவில் தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கி ரேடியம் பூசிய பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்று இறந்தனர்.

நாமே வாட்ச் செய்யலாமா?

தாராளமாக. கேஸ், டயல், முள், இயந்திரம் எனத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பொருத்துவது இன்று உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. இதற்கு அதிகம் பயன்படுவது செய்கோ குழுமத்தின் என்.எச்.35 என்ற ஆட்டோமேட்டிக் இயந்திரம். கை அசைவிலேயே சாவி ஏறும், முழுதாக ஏறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். டயலை இயந்திரத்தில் பொருத்துவது, முட்களை அழுத்தி மாட்டுவது, தூசி இல்லாமல் கேஸில் இறக்குவது என்று வேலை பொறுமையைக் கேட்கும்.

எல்லைக்கோடு எங்கே? சொந்தப் பெயரோ வெற்று டயலோ போட்டால் அது உங்கள் படைப்பு. ரோலக்ஸ் கிரீடம் அச்சிட்ட டயலை மாட்டி விற்றால் அது போலித் தயாரிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைகள் சட்டத்தின் 103, 104 பிரிவுகளின்படி, பிறருடைய முத்திரையைப் போலியாகப் பதிப்பவருக்கும், அப்படிப்பட்ட பொருளை விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விற்பதற்காக வைத்திருந்தாலும் குற்றம்தான். சொந்தக் கையில் கட்டிக்கொள்பவரை இந்தப் பிரிவுகள் குறிவைக்கவில்லை. ஆனால் பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் போலிப் பொருளை வாங்குபவரும் அபராதம் கட்ட நேரிடும். பயணம் போகிறவர்கள் கவனத்தில் வைக்கவும்.

வியாபாரியிடம் ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். அதனால் 'டயல் ஒரிஜினலா? முள் ஒரிஜினலா? கேஸ், இயந்திரம், சாவி எதெல்லாம் மாற்றியது?' என்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். 'எல்லாம் ஒரிஜினல்தான் சார்' என்ற வாய் வார்த்தை பின்னாடி உதவாது.

தாத்தா வாட்ச் வீட்டில் இருக்கா?

அப்படியென்றால் அவசரப்பட்டு 'புதுசு மாதிரி' ஆக்க வேண்டாம். ரிப்பேர் கடையில் கொடுக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: டயலைத் தொடக்கூடாது, கேஸுக்கு பாலிஷ் போடக்கூடாது, கழற்றிய பழைய பாகம் எதுவாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டும். சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலே பல வாட்ச்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். பழைய ரப்பர் வளையங்கள் கெட்டுப் போயிருக்கும் என்பதால் தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள்.

பின்மூடியில் கல்யாணத் தேதியோ, பணி ஓய்வு நாளோ பொறித்திருந்தால் அதைத் தேய்த்து எடுக்கவே கூடாது. மங்கிய டயலும் அந்தக் கீறல்களும்தான் அது உங்கள் தாத்தா கட்டிய வாட்ச் என்பதற்கு அடையாளம். பாலிஷ் போட்டு ஒருமுறை அழித்துவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது.