பிறர் பற்கள் தந்த பாடம்

ஓய்வு நேரத்தில் மாணவர்கள் மிட்டாய் மெல்வதைக் காணும்போதெல்லாம் சுவீடன் நாட்டு வரலாறு ஒன்று என் நினைவுக்கு வரும்.

லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் அறிவுத்திறன் குறைபாடுடையோர் பராமரிக்கப்பட்டனர். 1945 முதல் 1955 வரை அவர்களைக் கொண்டே உணவும் பற்சிதைவும் ஆராயப்பட்டன. சிலருக்குச் சர்க்கரை உணவோடு சேர்த்துத் தரப்பட்டது. சிலருக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய் உணவு வேளைகளுக்கிடையே தரப்பட்டது. முன்னவர்க்குச் சிதைவு குறைவு. பின்னவர் பலரின் பற்கள் பாழாயின. சர்க்கரையின் அளவைவிட, அதனை எத்தனை முறை உண்கிறோம், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் எனத் தெளிவாயிற்று.

அம்மக்களின் ஒப்புதலை எவரும் பெறவில்லை. அவர்தம் பற்களே இவ்வறிவுக்கு விலையாயின.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பதாயின் உணவோடு கொடுங்கள், இடையிடையே வேண்டாம். அவ்விலை வீணாகாதிருக்க நாம் செய்யக்கூடியது அதுவே.