"கம்ப்யூட்டர்" என்பது முதலில் ஒரு மனிதரின் வேலை



சாதாரண தரத்துக்குத் தொகுதிப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால் நம் ஊர் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "ஐ.சி.டி. ஆம்புளப் புள்ளைகளுக்குச் சரி, பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு?" கணினியின் வரலாற்றை முதலாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று நாம் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். இந்தக் கேள்விக்கான பதில் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

"கம்ப்யூட்டர்" என்ற ஆங்கிலச் சொல் 300 வருடங்களுக்கும் மேலாக மனிதரைத்தான் குறித்தது. தாளும் பேனையும் வைத்துக் கணக்குச் செய்பவர் என்பதே அதன் பொருள். இயந்திரத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் போனது.

கணினிக்கு உயிர் கொடுப்பது இரும்பும் கம்பியும் அல்ல, ஒழுங்கான கட்டளைகள். அதனை "அல்கோரிதம்" என்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனுக்குப் போய்த் திரிந்து வந்த சொல் அது. வாரிசுச் சொத்துப் பங்கீடு, வியாபாரம், காணி அளவை போன்ற அன்றாடத் தேவைகளுக்காகவே அவர் அல்ஜப்ரா நூலை எழுதினார். ஒரு கணக்கைப் படிப்படியாகப் பிரித்துச் செய்யும் வழியை அவர் அதில் காட்டினார்.

அந்தப் படிமுறையை இயந்திரத்திடம் ஒப்படைக்க 1830களில் திட்டம் போட்டவர் இங்கிலாந்தின் சார்ள்ஸ் பபேஜ். துணி நெய்யும் ஜக்கார்ட் தறியின் துளையிட்ட அட்டைகளே அவருக்கு வழிகாட்டின. அவரது பகுப்பாய்வு இயந்திரம் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் அது எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற படிமுறையை 1843இல் அச்சில் வெளியிட்டவர் அடா லவ்லேஸ் என்ற பெண்.

அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட அமெரிக்க இராணுவம் கணிதம் தெரிந்த பெண்களை வேலைக்கு எடுத்தது. அவர்களின் பதவிப் பெயரே "கம்ப்யூட்டர்". ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட 30 மணித்தியாலத்துக்கும் மேல் பிடித்தது. இந்த வேலைக்காகவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கட்டப்பட்டது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், சுமார் 30 தொன் எடை. அதே கணக்கை அது அரை நிமிடத்துக்குள் செய்தது.

அதற்குக் கட்டளை அமைக்கத் தெரிவானவர்கள் ஆறு பெண்கள்: கே மக்னல்டி, பெட்டி ஜெனிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்கோஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கைநூல் இல்லை. தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவும் அனுமதி இல்லை. வரைபடங்களை வைத்தே அதன் உள்ளமைப்பைப் படித்தார்கள். பிறகு வயர்களை மாற்றிச் செருகியும் ஆளிகளைத் திருப்பியும் கட்டளை கொடுத்தார்கள்.

இவர்களில் கே மக்னல்டி அயர்லாந்தின் கிராமமொன்றில் பிறந்து, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் அமெரிக்கா வந்த கல் மேசனின் மகள். தமிழ் மொழி மூலம் படிக்கும் நம் பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

1946 பெப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. அன்றிரவு நடந்த விருந்துக்கு இந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை. பல தசாப்தங்கள் அவர்களின் பெயர் பேசப்படவில்லை. 1997இல்தான் உரிய கௌரவம் தேடி வந்தது.

பிறகு நடந்தது நாம் அறிந்ததே. வெற்றிடக் குழாயின் இடத்துக்குத் திரான்சிஸ்டர் வந்தது. 1971இல் இன்டெல் 4004 என்ற ஒரே சில்லில் 2,300 திரான்சிஸ்டர்கள் அடங்கின. அறையை நிரப்பிய இயந்திரம் இன்று நம் சட்டைப் பையில் கிடக்கிறது. உருவம் இவ்வளவு மாறியும் அடிப்படை மாறவில்லை. படிப்படியாக யோசிக்கத் தெரிந்த ஒருவர் கட்டளை எழுதினால்தான் அது இயங்கும்.

உறவுகளே, இந்த வேலையைத் தொடக்கத்தில் செய்தவர்களே பெண்கள். ஆகவே இது பெண் பிள்ளைக்குப் பொருந்தாத பாடம் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்முன் பிள்ளையின் விருப்பத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தரம் 9இல் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு இதனைப் பகிர்ந்துவிடுங்கள்.