முகப்பரு

முகப்பரு: மயிர்க்கால் துளையை எண்ணெய்ச் சுரப்பும் இறந்த செல்களும் அடைக்க, கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் நுண்ணுயிர் பெருகி வீக்கம் உண்டாக்கும் தோல்நோய். அழுக்கு இதற்குக் காரணமன்று. அடைப்பு துளைக்குள்ளேயே உருவாவதால், தேய்த்துக் கழுவினால் எரிச்சலே மிகும். மலேசியாவின் கெடா மாநில ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வெயிலையும் வியர்வையையும் குற்றம் சொல்வதுண்டு. அவை பருவைத் தூண்டலாம். ஆயினும் சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்களில் நிழலில் படிக்கும் மாணவருக்கும் பரு வருகிறது, ஏனெனில் பருவமடைதலில் கூடும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களே அடிப்படை. ஆகவே நாளுக்கு இருமுறை மென்மையாகக் கழுவி, பென்சாயில் பெராக்சைடு அல்லது அடாபலீனை 8 முதல் 12 வாரம் பூசுவதே பயன்தரும். கர்ப்பிணிகள் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். சிவப்பழகுக் களிம்பு விரைவில் குணமாக்கும் என்போர் உண்டு. அத்தகைய பலவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு எச்சரித்துள்ளது. தழும்பு விழுமுன் அரசாங்க கிளினிக்குக்குச் செல்வதே பாதுகாப்பு.