குடிமதிப்பும் மக்கள் ஒத்துழைப்பும்

ஒரு நாட்டில் உள்ளோரை ஒருவர் விடாமல் எண்ணிக் குறிக்கும் குடிமதிப்பு, சர்க்கார் உத்தரவினால் தொடங்குவதாயினும், வாசலில் வந்து நிற்பவரிடம் வீட்டார் மனமுவந்து உண்மை சொன்னாலன்றி நிறைவேறாத காரியம். ஆகவே இந்தியக் குடிமதிப்பின் சரித்திரம், ஜனங்களின் ஐயத்தை நீக்கி அவர்களை அதில் பங்குகொள்ளச் செய்த முயற்சிகளின் சரித்திரமுமாகும்.

குடும்பங்களைக் கணக்கிட்டெழுதும் வழக்கம் நம் தேசத்துக்குப் புதிதன்று. கோபன் என்னும் அதிகாரி தன் வசமுள்ள கிராமங்களின் குடிகளை வருணம், தொழில், வரவு, செலவு உட்பட எழுதிவைக்க வேண்டுமென்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அத்தகைய கணக்குகள் இறைக்கும் ஊழியத்துக்கும் உதவவே எழுந்தவையாதலின், கணக்கென்றால் வரி என்ற எண்ணம் குடிகளின் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது.

1871-ல் சென்னை ராஜதானியில் டாக்டர் கார்னிஷின் மேற்பார்வையில் 3 கோடியே 12 லட்சம் பேர் எண்ணப்பட்டபோதும், புதிய வரி வரப்போகிறது என்ற வதந்தியே முதல் இடையூறாக நின்றது. எண்ணும் பொறுப்பு பெரும்பாலும் கிராமக் கர்ணத்தின் மேல் விழுந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் வெளியூர் போயிருக்கிறார் என்பதெல்லாம் அறிந்தவர் அவரே. ஆனால் தீர்வைக் கணக்கை எழுதுபவரும் அவரே ஆனபடியால், அவர் கையில் ஏடு கண்டமாத்திரத்தில் சிலருக்குப் பேச்சு அடங்கிற்று. பிள்ளைகளை எண்ணினால் திருஷ்டி என்று கைக்குழந்தையைச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. 1881-ல் சந்தால் பர்கனாவில் இவ்வச்சம் கலகமாகவே மூண்டு, துருப்புகள் அனுப்பப்பட்டன. அங்கே முன்கூட்டி அந்தச் சந்தால் மக்களின் பாஷையில் எடுத்துச் சொல்வாரை அனுப்பியிருந்தால் துருப்புகளுக்கு வேலை இருந்திராது என்றே கருதவேண்டும்.

1881 பிப்ரவரி 17 முதல் 1931 வரை, ஒரே இரவில் எண்ணி முடிக்கும் முறை கையாளப்பட்டது. சில வாரங்களுக்கு முன்னரே விவரங்களை எழுதிக்கொண்டு, குறித்த இரவில் மறுபடியும் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் பெயரை அடித்து, பிறந்த சிசுவையும் வந்த விருந்தினரையும் சேர்ப்பார்கள். இதற்கென நிலவுள்ள நாளாகவும், திருவிழாவும் முகூர்த்தமும் வாராத நாளாகவும் தேர்ந்து, அன்றிரவு வீட்டிலேயே இருக்கும்படி தண்டோராப் போட்டார்கள். வயது கேட்டால் கிழவி, “தாது வருஷப் பஞ்சத்திலே நான் இடுப்புக் குழந்தை” என்பாள், கணவன் பெயர் கேட்டால், “திருச்செந்தூர்ச் சாமி பேரு” என்பாள், எழுதுபவர் “முருகனா, சுப்பிரமணியனா?” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க, திண்ணையில் நிற்கும் பேரன் விடையை உரக்கச் சொல்லிவிடுவான். இந்தப் பொறுமையே எந்தத் தண்டோராவினும் மேலான பிரசாரமாயிற்று.

1931-ல் சட்டமறுப்பின் அங்கமாகக் காங்கிரஸ் மகாசபை குடிமதிப்பைப் பகிஷ்கரிக்கச் சொல்லி, ஜனவரி 11-ஐப் பகிஷ்கார ஞாயிறாக அனுஷ்டித்தது. குஜராத்தின் சில நகரங்களில் கணக்கு குறைந்தது. 1941-லோ நேர்மாறாக, தத்தம் சமூகத்தின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் போட்டி மூண்டு, பஞ்சாபிலும் வங்காளத்திலும் கணக்கு வீங்கிற்று. ஒத்துழையாமையைவிட இந்த மிகையான உற்சாகமே குடிமதிப்புக்கு அதிகக் கேடு செய்தது.

1948-ஆம் ஆண்டின் குடிமதிப்புச் சட்டம், விடையளிப்பதைக் கடமையாக்கியபோதிலும், எவரும் தம் வீட்டுப் பெண்டிரின் பெயரையோ, மனைவி கணவன் பெயரையோ சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று விலக்களித்தது. எழுதப்பட்ட விவரத்தைச் சாட்சியமாகக் கொள்ளலாகாதென்றும் காப்புச் செய்தது. ஆர். ஏ. கோபாலசுவாமியைக் கமிஷனராகக் கொண்ட 1951-ஆம் ஆண்டுக் கணக்கு, சுதந்திர பாரதத்தின் முதற் கணக்காதலின், பயத்தினாலன்றி உரிமையுணர்வினால் விடை சொல்லுமாறு பிரஜைகளைக் கேட்கும் வாய்ப்பைத் தந்தது. அப்போது 36 கோடிப் பேர் எண்ணப்பட்டனர்.

2011-ல் தொகை 121 கோடி. 2021-ல் நடக்கவேண்டியது பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 ஆதாரநாளாகக் குறிக்கப்பட்டு, வீட்டாரே தம் விவரங்களை இணையவழியே பதியும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளது.