மடிக்கணினியின் வை-ஃபை அட்டை

மடிக்கணினியைக் கம்பியின்றி இணையத்தோடு இணைக்கும் சிறு மின்சுற்றுப் பலகை வை-ஃபை அட்டை எனப்படும். வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் செய்வதால், இதன் வரலாறு தொழில்நுட்பத்தோடு சட்டத்தையும் சார்ந்தது.

உரிமமும் விலக்கும்

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1980கள் வரை மயிலாப்பூர் வீடுகளிலும் ரேடியோப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினர். வை-ஃபையின் அடிப்படையான 802.11 தரம் 1997இல் வெளியானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு 2005 ஜனவரி அறிவிக்கை உரிமவிலக்கு அளித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் இவ்விலக்கு 2018 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது.

மாறிய வடிவங்கள்

தொடக்கத்தில் இது மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் அட்டையாக இருந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவை அறிமுகப்படுத்திய பின், உள்ளேயே அட்டை பொருத்துவது பரவலாயிற்று. மினி பிசிஐ, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், எம்.2 எனச் செருகுவாய்கள் அடுத்தடுத்து மாறின. ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது.

சென்னையில் அட்டை மாற்றம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கணினி வாங்க இயலாத பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. அக்கால மடிக்கணினிகள் பலவற்றின் அட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கின. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. தியாகராய நகர், அடையாறு போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு வை-ஃபை வந்ததும் அவை நெரிசலாயின. தடங்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது இதற்குத் தீர்வு. அதற்கு மடிக்கணினியையே மாற்ற வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தகுந்த அட்டை வாங்கினால் போதும். மின்கல இணைப்பைத் துண்டித்து, ஆன்டெனா கம்பிகளைக் கழற்றி, திருகை அகற்றினால் பழைய அட்டை வெளிவரும்.

தடைகள்

சில நிறுவனங்கள், தாம் அங்கீகரித்த அட்டைகளை மட்டுமே ஏற்குமாறு பயாஸில் பட்டியலிட்டன. இன்டெலின் சிஎன்விஐ வகை அட்டை அதற்கேற்ற இன்டெல் செயலியோடு மட்டுமே இயங்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அட்டை தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அது பழுதானால் தாய்ப்பலகையையே பழுதுபார்க்க வேண்டும், அல்லது யூ.எஸ்.பி. வை-ஃபை கருவியை நாட வேண்டும். ஆகவே மடிக்கணினி வாங்கும்போதே அட்டை கழற்றக்கூடியதா என அறிந்துகொள்வது, அதன் ஆயுளைக் கூட்டும்.